வெயில் தின்னும் ஓடு

கடலூரில் வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. சித்திரை, வைகாசியில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் நடுப்பகலில் காலை வைக்க விடாது. இப்படிப்பட்ட ஊரிலும், தெற்கே சிதம்பரத்திலும் மீன் தொட்டிக் கடையில் வாங்கிவந்த ஆமைக்குஞ்சுக்கு ஒரு விசித்திரமான நோய் வருகிறது. வாங்கிய சில மாதங்களில் ஓட்டை விரலால் தொட்டால் அமுங்குகிறது. ஓரங்கள் மேல்நோக்கி வளைகின்றன. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது. பிறகு ஒருநாள் காலையில் அசையாமல் கிடக்கிறது. "தவறாமல் தீனி போட்டோம், தண்ணீர் மாற்றினோம், அப்புறம் ஏன் செத்தது?" என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் பெரியவர்களிடம் பதில் இருப்பதில்லை.

பாட்டிமார்களிடம் ஒரு பதில் உண்டு: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. இப்போது வாஸ்து பார்ப்பவர்கள் அதே ஆமையை அதிர்ஷ்டம் என்று வாங்கிவைக்கச் சொல்கிறார்கள். ஆமையால் வீட்டுக்கு என்ன ஆகும் என்று இரு தரப்புமே கவலைப்படுகின்றன. வீட்டால் ஆமைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயம்.

புதிரை ஒரே வரியில் சொல்லலாம். வெயில் கொளுத்தும் ஊரில், வெயில் பற்றாக்குறையால் ஒரு பிராணி எப்படிச் சாகிறது?

மிசிசிப்பிக் குஞ்சு

கடைகளில் 'ஆமைக்குஞ்சு' என்று கிடைப்பது பெரும்பாலும் ஒரே இனம்தான். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை ஓடு. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கீற்று. அந்தக் கீற்றை வைத்து இதைச் செங்காது ஆமை என்று அழைக்கலாம். இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அங்கே பண்ணைகளில் பொரிக்கவைத்து உலகெங்கும் விற்றார்கள். 1989 முதல் 1997 வரை மட்டும் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியானவை 5 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். இப்போது ஆசியாவிலும் பண்ணைகள் உண்டு. கோலாலம்பூரிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் வரும் பயணிகளின் பெட்டிகளில் இந்தக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் அடைத்துக் கடத்தப்படுவதும், சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறை அவற்றைக் கைப்பற்றுவதும் செய்தித்தாளில் அடிக்கடி வரும் விஷயம்.

உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பச்சைக் குஞ்சு இப்படியே இருக்கும் என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். இருக்காது. பெண் ஆமை 25 முதல் 30 செ.மீ. நீளம் வளரும். ஒழுங்காகப் பராமரித்தால் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், அந்தப் பிள்ளையின் கல்யாணத்தன்றும் யாராவது அதற்குத் தீனி போட்டாக வேண்டும்.

ஓடு என்பது எலும்பு

கார்ட்டூன் படங்களில் ஆமை சட்டையைக் கழற்றுவதுபோல் ஓட்டைவிட்டு வெளியே வரும். உண்மையில் ஆமையால் அப்படி வரவே முடியாது. அதன் விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று, ஒன்றோடொன்று இணைந்ததுதான் மேலோடு. மேலோடும் கீழோடும் சேர்ந்து ஏறத்தாழ ஐம்பது எலும்புகள். அதற்கு மேல் நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் பொருளால் ஆன தகடுகள் போர்த்தியிருக்கின்றன. ஓட்டில் நரம்பும் இரத்த ஓட்டமும் உண்டு. சுண்டினால் ஆமைக்குத் தெரியும்.

உயிருள்ள எலும்பு எதுவும் ஒருமுறை கட்டி முடித்துவிட்ட பொருள் அல்ல. புரத வலைப்பின்னல் ஒன்று, அதன் இடுக்குகளில் படியும் சுண்ணாம்புச் சத்து ஒன்று. இரண்டும் சேர்ந்ததே எலும்பு. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் வலைப்பின்னல் மட்டும் வளர்ந்தால், கம்பி கட்டிவிட்டு கான்கிரீட் கொட்டாத கூரைபோல் ஆகிவிடும். வடிவம் இருக்கும், பலம் இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் இரத்தத்தில் எப்போதும் ஒரே அளவு சுண்ணாம்புச் சத்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது குறைந்தால் கழுத்துப் பகுதியிலுள்ள சிறு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்கின்றன. குஞ்சின் உடலில் மிகப் பெரிய எலும்புக் கிடங்கு ஓடுதான். இதயத்தைக் காப்பாற்ற உடல் ஓட்டைக் கரைக்கிறது.

எட்டு மடங்குக் கணக்கு

சிதம்பரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தை நினைத்துக்கொள்வோம். சன்னல் ஓரமாகக் கண்ணாடித் தொட்டி. அதில் 3 செ.மீ. நீளமுள்ள ஒரு குஞ்சு. வீட்டில் ஏ.சி. ஓடுவதில்லை, ஆகவே தண்ணீர் ஏறத்தாழ 28 டிகிரி. குஞ்சுக்கு நல்ல பசி. காலையும் மாலையும் உலர்ந்த இறால், அவ்வப்போது கோழிக்கறித் துணுக்கு. ஓராண்டில் அது 6 செ.மீ. ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நீளம் இரட்டித்தது. அகலமும் உயரமும்கூட இரட்டித்திருக்கும். இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. வடிவம் மாறாமல் வளர்ந்திருந்தால் அதன் எடை எட்டு மடங்கு. அந்த உடலைத் தாங்கும் எலும்பும் ஏறக்குறைய எட்டு மடங்கு இருந்தாக வேண்டும். முட்டையிலிருந்து கொண்டுவந்த எலும்பு ஒரு பங்கு. மீதி ஏழு பங்கையும் அந்த ஓராண்டில், இந்தத் தொட்டியில், வாய்வழியாகத்தான் சம்பாதிக்க வேண்டும். வளர்ந்த ஆமை ஒன்றை இதே தொட்டியில் விட்டிருந்தால் அதன் ஓடு தாக்குப்பிடித்திருக்கும். அதற்குக் கட்டி முடித்த எலும்பு கையிருப்பில் உண்டு. குஞ்சுகளே முதலில் மெத்தென்று ஆவதற்கு இதுதான் காரணம்.

இப்போது வரவைப் பார்க்கலாம். கோழிக்கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வளரும் ஆமைக்குத் தேவையானது இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்கு சுண்ணாம்புச் சத்து. உலர்ந்த இறாலை மட்டுமே நம்பினாலும் சத்து போதாது. சரி, தீனியை மாற்றிவிட்டால்? கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்புதான். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உப்புப் போகக் கழுவி ஒரு துண்டைத் தொட்டியில் மிதக்கவிட்டால் குஞ்சு கொறிக்கும்.

அப்படியும் ஓடு மெத்தென்று போவதுண்டு. வயிற்றுக்குள் போன சுண்ணாம்புச் சத்து குடல் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர வைட்டமின் டி வேண்டும். அது இல்லையேல் தின்றது பெரும்பாலும் வெளியே போய்விடும்.

சன்னல் கண்ணாடி என்ன செய்கிறது?

வைட்டமின் டி-யைத் தோலே தயாரிக்கிறது. அதற்கு வெயிலில் உள்ள ஒரு குறிப்பிட்ட கதிர் தேவை. கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்துக்கு அப்பாலுள்ளவை புற ஊதாக் கதிர்கள். அவற்றில் நடுத்தர வகையைப் புற ஊதா பி என்பார்கள். இந்தக் கதிர் தோலிலுள்ள கொழுப்புப் பொருள் ஒன்றின்மேல் பட்டு அதன் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய பொருளை உடற்சூடு மெல்ல வைட்டமின் டி ஆக்குகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. மனிதருக்கும் இதே வழிதான்.

சாதாரண சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டையும் விடும். புற ஊதா பி-யைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். தொட்டியின் கண்ணாடியும் அப்படியே. சன்னலோரத் தொட்டியில் பளிச்சென்று வெயில் விழுவதைப் பார்த்து "நல்லா வெயில் காயுது" என்று வீட்டார் திருப்திப்படுகிறார்கள். குஞ்சும் அதே நம்பிக்கையோடு காலை நீட்டி வெயில் காய்கிறது. தேவையான கதிர் மட்டும் வந்து சேரவில்லை.

கடலூரின் புதிர் இங்கே அவிழ்கிறது. ஆமை தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத பிராணி. சுற்றுப்புறம் சூடானால் அதற்குப் பசிக்கும், செரிக்கும், வளரும். குளிர்ந்தால் எல்லாமே மந்தம். ஆற்றில் வெப்பமும் புற ஊதாவும் எப்போதும் ஒன்றாகவே வந்தன. வெயில் காய்ந்தால் இரண்டும் கிடைக்கும். ஆகவே ஒன்று இருந்து மற்றது இல்லாத நிலைக்கு அதன் உடல் தயாராகவே இல்லை. வீட்டுக்கூரை இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. குளிரான ஊர் வீட்டில் குஞ்சு சரியாகத் தின்னாமல் மெதுவாக வளரும். எலும்புத் தேவையும் குறைவு, கோளாறு வெளியே தெரிய நாளாகும். கடலூர் வீட்டின் வெக்கையில் பசி குறைவதே இல்லை. குஞ்சு தின்கிறது, வளர்கிறது, எலும்பு கேட்கிறது. கட்டுவதற்கான பொருள் மட்டும் வரவில்லை. வெக்கையே நோயை விரைவுபடுத்துகிறது.

அக்னி நட்சத்திரமும் ஐப்பசி மழையும்

"அப்படியானால் தொட்டியைத் தூக்கி மாடியில் வைத்துவிடலாமே" என்றுதான் அடுத்து தோன்றும். அதைச் செய்யவே கூடாது. 3 செ.மீ. உடல் சூடேற நிமிடங்கள் போதும். அக்னி நட்சத்திர வெயிலில் நிழலே இல்லாத கண்ணாடித் தொட்டி குஞ்சை வேகவைத்துவிடும். வாயகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் ஆழம் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, பாதியை நிழலில் வைத்து, குஞ்சு முழுதாக ஏறி உலர ஒரு கல்லோ ஓடோ போட்டு, காலை வெயிலில் கால் மணி முதல் அரை மணி நேரம் விடுவது சரியான முறை. வெயிலா நிழலா என்று குஞ்சே தீர்மானிக்கட்டும். கூடவே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இது அலங்கார அறிவுரை இல்லை. மொட்டைமாடியில் காக்கைக்கு ஆமைக்குஞ்சு ஒரு வாய்த் தீனி.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடலூர்க் கரையில் நாள்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. அப்போது ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புற ஊதா பி விளக்கு வேண்டும். சாதாரண எல்.இ.டி. விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் பயனில்லை. அந்தச் சிறப்பு விளக்கும் ஆறு மாதம், ஓராண்டில் கதிரை இழந்துவிடும். வெளிச்சம் மட்டும் தொடர்ந்து எரிந்து ஏமாற்றும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபின் இந்த மாவட்டத்தின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததையும் இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. விளக்கை நம்பும் பிராணியை வளர்ப்பவர் மின்தடையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செங்காது ஆமையால் தண்ணீருக்குள்தான் விழுங்க முடியும். தரையில் தீனி போட்டுப் பயனில்லை. குஞ்சில் இறைச்சி அதிகம் தேடும், வளர வளர இலை தழைக்கு மாறும். பாலக் கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நல்ல ஆமைத் தீனி உருண்டைகளில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் சேர்த்திருப்பார்கள். அவை உதவும், ஆனால் வெயிலுக்கு முழு ஈடாகாது. கண் இமை வீங்கினால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவு. குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்ற வேண்டும். ஓடு மெத்தென்று தெரிந்தவுடன் மருத்துவரிடம் போவதே நல்லது. கடலூரிலிருந்து பக்கம் என்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆமையைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். நலமாக இருக்கும் ஆமையின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி வாழும். குழந்தைகள் குஞ்சை வாயில் வைத்து நோயில் விழுந்ததால்தான், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாதென்று தடுத்த குஞ்சுகளை அந்த நாடு பிறகும் கோடிக்கணக்கில் ஏற்றுமதி செய்தது என்பது வர்த்தகத்தின் லட்சணம்.

ஆணா பெண்ணா என்று மணல் சொல்லும்

ஆமைக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு முட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. மனிதக் கரு ஆணா பெண்ணா என்பது கருவுறும்போதே முடிவாகிவிடும். பெரும்பாலான ஆமைகளுக்கு அந்த முடிவை முட்டை கிடக்கும் இடத்தின் சூடு எடுக்கிறது. செங்காது ஆமை முட்டைகளை 26 டிகிரியில் வைத்தால் ஆண் குஞ்சுகள், 31 டிகிரியில் வைத்தால் பெண் குஞ்சுகள்.

இதைப் பண்ணையில் மட்டுமல்ல, கடலூர்க் கரையிலும் காணலாம். ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் இந்த மாவட்டத்தின் மணற்கரைகளுக்கு இரவில் ஏறிவந்து முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள். நாயும் நரியும் தோண்டித் தின்பதற்குள் வனத் துறையினரும் தன்னார்வலர்களும் அவற்றை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் மீண்டும் புதைக்கிறார்கள். தமிழகக் கரையில் இந்த வேலை 1970-களில் சென்னையில் தொடங்கியது. கடலாமைகளுக்கான மாணவர் அமைப்பு அங்கே 1988 முதல் இரவு இரவாகக் கரையில் நடந்து முட்டை தேடுகிறது.

முட்டையை எடுப்பதிலும் நுட்பம் உண்டு. இட்ட சில மணி நேரத்துக்குள், மேல் கீழ் புரளாமல் எடுக்க வேண்டும். தாமதித்துப் புரட்டினால், உட்புறம் ஒட்டிக்கொண்ட கரு அழிந்துபோகும். பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். அதில் நடுப் பகுதி நாட்களின் சூடுதான் பாலைத் தீர்மானிக்கிறது. எல்லைக்கோடு ஏறத்தாழ 29 டிகிரிக்கும் 31 டிகிரிக்கும் இடையே. அதைத் தாண்டினால் பெண்கள், குறைந்தால் ஆண்கள். வெட்டவெளியில் அமைத்த பொரிப்பகம் கோடை முற்ற முற்றப் பெண் குஞ்சுகளாகவே தரும். இன்னும் சூடு ஏறினால் முட்டையே வெந்துவிடும். பொரிப்பகத்துக்கு மேலே நிழல் வலை கட்டுவது இதனால்தான்.

வாளியில் வைக்காதீர்கள்

கரையில் தென்படும் கடலாமைக் குஞ்சை இரக்கப்பட்டு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அந்தக் குஞ்சின் வயிற்றில் முட்டை மஞ்சளின் மிச்சம் சில நாளைக்கான கட்டுச்சோறாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் அது கடலில் இறங்கியதும் ஒரு நாளுக்குமேல் விடாமல் நீந்தி, மீன்கள் நிறைந்த கரையோரத்தைக் கடக்கிறது. வாளிக்குள்ளும் அது நீந்திக்கொண்டே இருக்கும். பிறகு கடலில் விட்டாலும் கையிருப்பு தீர்ந்திருக்கும். முழுவளர்ச்சி காண்பது ஆயிரத்தில் ஒன்று என்று பொதுவாக மதிப்பிடப்படும் உயிருக்கு இந்த இழப்பு பெரிது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. பங்குனி ஆமை, நட்சத்திர ஆமை, வீராணம் ஏரியிலும் வாய்க்கால்களிலும் வாழும் மெல்லோட்டுக் குளத்து ஆமை ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பிடித்தாலோ வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. வயல் வரப்பில் கிடைத்ததுதானே என்ற சமாதானம் செல்லாது.

கோயில் குளத்தில் விடலாமா?

தட்டு அளவுக்கு வளர்ந்து, தொட்டி நாறத் தொடங்கியதும் பலருக்குக் கோயில் குளம் நினைவுக்கு வருகிறது. உயிரைக் கொல்லாமல் விட்டுவிடுவது புண்ணியம் என்ற எண்ணம் நல்லதுதான். செயல் நல்லதல்ல. உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் செங்காது ஆமையும் உண்டு. உள்ளூர் ஆமைகளோடு உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டியிடும், நோய்களையும் கொண்டுவரும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே இறக்குமதியை நிறுத்தியது. கேரளத்தில் 2018-இல் திருச்சூர்க் கால்வாய் ஒன்றில் இது பிடிபட்ட பிறகு, பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பவர்களிடமிருந்து இவற்றைத் திரும்பப் பெறும் முயற்சியில் இறங்கியது.

கடலூர், சிதம்பரம் பகுதியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கெடிலம், தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் கடலைச் சேரும் தாழ்வான நிலம் இது. 2015 மழையில் ஏரி எது, வயல் எது, தெரு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தது. இங்கே ஒரு குளத்தில் விட்ட ஆமை அந்தக் குளத்திலேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே ஏற்கெனவே வளர்ப்பவர்கள் அதை வெளியே விடாமல், காலை வெயிலும் ஏறிக் காய ஓர் இடமும் கொடுத்து வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இயலாவிட்டால் மாவட்ட வன அலுவலகத்திலோ கால்நடை மருத்துவரிடமோ வழி கேட்க வேண்டும். இன்னும் வாங்காதவர்கள் வாங்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆமைக்குஞ்சு பார்க்க ஆசையென்றால், மாசி பிறந்தபின் எந்தக் கரையில் எப்போது குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள் என்று வனத் துறையிடம் கேட்டுக்கொண்டு அழைத்துப் போகலாம்.